பிரிந்த குடும்பம் சேரும் நாவல்: எழுதத் தொடங்கும் முன்னும் பின்னும்

குடும்பம் பிரிந்து சேரும் நாவல்கள் பெரும்பாலும் கடைசி ஐம்பது பக்கங்களில் சரிகின்றன. ஓட்டை இருப்பதோ முதல் ஐம்பதில். பிரிவுக்கு ஒரே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் இந்தக் கதி தப்பாது. சொந்தங்களுக்குள் வரும் பகைக்கு ஊரறியச் சொல்லும் காரணம் ஒன்று இருக்கும். உள்ளே கனன்றுகொண்டிருப்பது வேறாக இருக்கும். இரண்டையும் முதல் வரிக்கு முன்பே தனித்தாளில் எழுதிவிடுங்கள்.

அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தியது வீடு விற்ற பணத்தால் என்று வையுங்கள். உள்காரணம் இது: அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதமும் தங்கைதான் பார்த்துக்கொண்டாள், அண்ணன் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. இப்போது கடைசியில் அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாசகர் மனம் அசையாது. கணக்கு தீர்ந்திருக்கும், பகை தீர்ந்திருக்காது. "அந்த எட்டு மாசமும் நீ சரியாத் தூங்கியிருக்க மாட்டே" என்று அவன் வாயிலிருந்து வர வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே முந்நூறு பக்கமும் உழைக்கிறது.

அடுத்தது காலக்கணக்கு. பிரிந்த ஆண்டு, அன்று ஒவ்வொருவரின் வயது, பிறகு வந்த பிறப்பு, இறப்பு, கல்யாணம், நோய் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். எந்தச் செய்தி யார் வழியாக யாருக்குப் போனது என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். பிரிவு 15 ஆண்டு என்றால், அன்று 4 வயதாக இருந்த மருமகளுக்கு இன்று 19. மாமாவை நேரில் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. இந்தக் கணக்கைப் போடாதவர்கள் கைப்பிரதியில் குழந்தைகள் வளர மறந்துவிடுகிறார்கள்.

பிரிந்த நாளை ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். ஒருமுறை தங்கையின் நினைவில், வெகுதூரம் தள்ளி இன்னொருமுறை அண்ணனின் நினைவில் வரட்டும். அவள் நினைவில் அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறான். அவன் நினைவில், சாத்திய கதவுக்கு வெளியே செருப்பு மாட்டுவதுபோலக் குனிந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று நிற்கிறான். இரண்டுமே உண்மை. யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையே இல்லை. 80,000 சொல் நாவலில் கடந்தகாலம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மட்டும் எச்சரிக்கையாகுங்கள்: நிகழ்காலத்தில் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

மறுபடி சந்திக்க வைக்கச் சாவு வீடுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கே எல்லோரும் அழுவதால் யார் எதற்காக அழுகிறார் என்று பிரித்துக் காட்டுவது கடினம். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய ஒரு பத்திரம் அதைவிட நல்லது. செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று கையில் இருப்பதால் பேச்சு தானாகப் பிறக்கும்.

சந்திப்பை மூன்றாகப் பிரியுங்கள். முதல் சந்திப்பு கெட்டுப்போக வேண்டும், அதுவும் ஊரறிந்த காரணத்தை வைத்தே. இரண்டாவதில் உள்காரணம் தப்பித்தவறி வெளியே வந்துவிடும். மூன்றாவதில்தான் பதில். முதல் சந்திப்பிலேயே கட்டிப்பிடித்து அழ வைத்தால் பிறகு எழுத ஒன்றும் மிஞ்சாது.

உரையாடலில் உறவுமுறைச் சொற்களைக் கவனியுங்கள். பகையில் இருப்பவள் "அண்ணன் வந்துச்சா?" என்று கேட்கமாட்டாள்; அவன் மகளிடம் "உங்கப்பா வந்தாராக்கும்" என்பாள். மறுபடி "அண்ணே" என்று எப்போது வாய்தவறி வருகிறது என்பதை முன்பே முடிவு செய்து, அதுவரை அந்தச் சொல்லை எங்கும் செலவழிக்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடித்தும் மிரட்டியும் வளர்த்த அப்பாவை மகள் மன்னித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நாவலுக்கு இல்லை. அவள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் முழுமையான முடிவுதான். வலிந்து சேர்த்து வைத்தால், அதே நிலையில் இருக்கும் வாசகருக்கு அநீதி செய்கிறீர்கள்.

திருத்தும்போது ஒவ்வொருவரின் அத்தியாயங்களையும் தனியாக எடுத்து வரிசையாகப் படியுங்கள். ஒருவர் எந்த இடத்திலும் தவறு செய்யாதவராகத் தெரிந்தால் அந்தப் பாத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. பிறகு கைப்பிரதி முழுக்க "மன்னிச்சிடு" என்ற சொல்லைத் தேடி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடியுங்கள். அந்த ஒன்றையும் எடுத்துவிட்டுக் காட்சி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதுவும் வேண்டாம்.