சோயா பால் டப்பாவைக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்

கடையில் வாங்கும் சோயா பால், பாதாம் பால் டப்பாவை ஒவ்வொரு முறை ஊற்றும்முன்னும் பத்து நொடி நன்றாகக் குலுக்குங்கள். இவற்றில் இயல்பாகக் கால்சியம் குறைவு; கால்சியம் கார்பனேட் போன்ற உப்பைத் தூளாகச் சேர்க்கிறார்கள். அது பாலில் கரையாது. ஃபிரிட்ஜில் வைத்த சில மணி நேரத்தில் அடியில் மாவு போலப் படிந்துவிடும், மேலே இருப்பதை மட்டும் குடித்தால் கொடுத்த காசு வீண். டப்பா தீர்ந்ததும் வெட்டிப் பாருங்கள், வெள்ளை வண்டல் ஒட்டியிருந்தால் குலுக்கியது போதவில்லை.

லேபிளில் 100 மில்லிக்குச் சுமார் 120 மி.கி. கால்சியம் இருந்தால்தான் பசும்பாலுக்கு ஈடு. கால்சியம் சேர்க்காத டப்பாவுக்கும், வீட்டில் அரைத்த பாதாம் பால், தேங்காய்ப் பாலுக்கும் இந்த வழி உதவாது. அவற்றில் அடியில் படிய, சேர்த்த கால்சியமே இல்லை. அதற்கு நம் வேலூர்ப் பக்கத்துக் கேழ்வரகுக் கூழே மேல்: 100 கிராம் மாவில் 340 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு, புளிக்கவைத்தால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். பால் குடித்தால் வயிறு உப்புசம் மட்டும்தான் என்றால் டப்பாவே வேண்டாம், தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பால் அலர்ஜி இருப்பவர்கள் மட்டும் தயிர், மோரையும் தொடக்கூடாது.