லாரி டயர் வெடித்தால்: நட்டில் கை வைக்கும் முன் உள் டயரைப் பாருங்கள்

பத்துச் சக்கர லாரியின் பின்பக்கம் ஜோடியாக இருக்கும் டயர்களில் வெளி டயர் வெடித்து, கண்ணுக்கெட்டிய தூரம் பஞ்சர் கடை இல்லாமல் நிற்கும் புது ஓட்டுநருக்காக இதை எழுதுகிறேன். டியூப் போட்ட 10.00 R20 ரேடியல் டயர், லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்) உள்ள ரிம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெப்னியை இறக்குவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் கிளீனராக இருந்தபோதே பழகியிருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

வண்டியை நிறுத்துவது

வெடித்த இடத்திலேயே நிற்க வேண்டாம். சமதரையும் அகலமான ஓரமும் வரும்வரை மெதுவாக ஊர்ந்து போங்கள். ரிம் கெட்டால் வேறு வாங்கலாம். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் ஜாக்கி போடவே கூடாது. தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண் 1033-ஐ அழைத்து உதவி கேளுங்கள். வலப்பக்க டயர் என்றால் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் வண்டிகள் போகும்.

பார்க்கிங் பிரேக், நான்கு இண்டிகேட்டரும், பின்னால் தள்ளி முக்கோணப் பலகை, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை. சாவி உங்கள் பையில் இருக்கட்டும். முக்கோணத்துக்குப் பதிலாகக் கல்லை அடுக்குபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இருட்டில் பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது.

ரப்பர் கருகிய வாடை வந்தால் காத்திருங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

காற்று

பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். வெடித்தது வெளி டயர். உயிருக்கு ஆபத்து உள் டயரில் இருக்கிறது. வெளி டயர் போனதும் அந்த ஜோடி தாங்க வேண்டிய சுமை முழுவதையும் உள் டயரே தாங்கி வந்திருக்கிறது. உள்ளே நூறு பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அளவு) மேல் காற்று. அதன் ரிம்மிலோ லாக் ரிங்கிலோ விரிசல் இருந்தால், நட்டுகளின் பிடிதான் அதை நிறுத்தி வைத்திருக்கும். நட்டு தளர்ந்த நொடியில் ரிங் பறக்கும்.

அதனால் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிங் சீராகப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா? டயரின் பக்கச் சுவரில் புடைப்பு உண்டா? பிறகு கேஜ் வைத்து அளவெடுங்கள். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதிக் காற்று போன டயரும் திடமாகத்தான் ஒலிக்கும். 110 இருக்க வேண்டிய டயர் 88-க்குக் கீழ் காட்டினாலோ, ரிம்மில் சந்தேகம் வந்தாலோ, வால்வு பின்னை (வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் சின்ன ஊசி) கழற்றி முழுக் காற்றையும் இறக்குங்கள். அதற்குப் பிறகு அது உங்கள் வேலை இல்லை, டயர் ஆளை வரவழையுங்கள்.

வெடித்த டயரின் வால்வு பின்னையும் கழற்றி, துளைக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். துளை அடைத்துக்கொண்டு உள்ளே காற்று மிச்சமிருக்கலாம். இதெல்லாம் செய்யும்போது ரிங்குக்கு நேர் எதிரே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கம் எதிர்மரை. போல்ட் முனையில் எல் என்று அடித்திருந்தால் வலச்சுற்றாகத் திருப்பினால்தான் கழலும். ஸ்பேனரில் பைப் மாட்டி மேலே ஏறி மிதிப்பதைவிட கியர் வைத்த நட்டு ஓப்பனர் வாங்கிவிடுங்கள். ஒரே ஆள், உட்கார்ந்தபடி கழற்றலாம்.

ஜாக்கி 20 டன். அடியில் தடித்த பலகை, சித்திரை வெயிலில் இளகிய தாரில் ஜாக்கி அப்படியே புதையும். ஆக்சிலில் ஸ்ப்ரிங் பட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள், ஆக்சிலின் நடுவில் குண்டாக இருக்கும் டிஃப்ரன்ஷியலுக்கு அடியில் வேண்டாம். தூக்கியதும் ஆக்சிலுக்குக் கீழே கட்டை அடுக்கிவிடுங்கள். கால்கூட வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

ரிம்மோடு சேர்த்து டயர் நூறு கிலோவைத் தொடும். முதுகால் தூக்காமல் கடப்பாரையால் நெம்பி ஏற்றுங்கள். அதற்கு முன் ரிம்கள் ஒட்டும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவையும் பெயிண்டையும் எடுங்கள். அவை நசுங்கினால் நட்டு தளரும். நட்டு உட்காரும் கூம்பில் கிரீஸ் வேண்டாம். உள் டயர் வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் வெளி டயர் வால்வு வரட்டும். அப்போதுதான் இரண்டிலும் கேஜ் நுழையும்.

நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, இறக்கிய பிறகு முழுப் பலத்தோடு முறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி முறுக்க வேண்டும். நட்டிலிருந்து துரு கோடாக வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிற்சேர்க்கை

ஸ்டெப்னியில் காற்று குறைவாக இருந்தால் வண்டியின் ஏர் டேங்கிலிருந்தே பிடிக்கலாமா என்று இதைப் படித்தவர்கள் கேட்டிருந்தார்கள். நின்ற வண்டியில் கொஞ்சம் இறங்கிய டயர் என்றால், ரிங் பக்கம் தரையைப் பார்க்கப் படுக்க வைத்து, நீளமான குழாயில் கிளிப் மாட்டி, தள்ளி நின்று பிடிக்கலாம். காற்றில்லாமல் ஓடிய டயருக்கு மட்டும் சாலையில் காற்றே பிடிக்காதீர்கள். திரும்பத் திரும்ப மடக்கிய கம்பிபோல அதன் பக்கச் சுவரின் எஃகு இழைகள் நொந்திருக்கும். அழுத்தம் ஏறும்போது சுவர் ஒரே கோடாகக் கிழியும். அதைக் கடையில் கழற்றிப் பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். கூண்டு இல்லாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.