நோயாளியின் பேச்சிலிருந்து 'கம்' பழகுவது எப்படி

பிரிட்டன் வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதும் நர்ஸுகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நோய்ப் பெயர், மருந்துப் பெயரெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. திணறுவது 'கம்' (come) மாதிரிச் சின்ன வினைச்சொற்களில்தான். நோயாளிகள் பேசுவதோ அவற்றில்தான்.

அகராதியில் 'கம்' பக்கத்தைத் திறந்து வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு நோயாளியை உருவாக்கி, படுத்ததிலிருந்து வீடு திரும்பும்வரை அவர் கதையை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். என் வகுப்பில் அவர் லீட்ஸ் நகரத்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

வலி திடீரென்று தொடங்கியது: 'இட் கேம் ஆன் சடன்லி'. அப்புறம் ஃப்ளூ: 'ஐ கேம் டவுன் வித் ஃப்ளூ'. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தமிழில் காய்ச்சல் நமக்கு வருகிறது. இந்த ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் ஆள். 'ஃபீவர் கேம் டு மீ' என்று பலர் சொல்லிவிடுவது இதனால்தான். ஆளை முதலில் வைத்துப் பத்து நோய்களுக்குச் சொல்லிப் பாருங்கள், பழகிவிடும். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தடித்துப்போனால் 'ஐ கேம் அவுட் இன் எ ராஷ்'. ஆபரேஷனுக்குப் பின் மயக்கம் தெளிந்தால் 'ஹீ கேம் ரவுண்ட்'. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்க, 'கேன் ஐ கம் ஆஃப் த டேப்லட்ஸ்?' ஆனால் 'ஐ கேம் ஆஃப் மை பைக்' என்றால் மனிதர் வண்டியிலிருந்து விழுந்திருக்கிறார். கடைசிச் சொல்வரை கேளுங்கள்.

காதுக்கும் பயிற்சி வேண்டும். 'கேம் ரவுண்ட்' என்பதில் அழுத்தம் 'ரவுண்ட்' மேல் விழும். 'கேம்' லேசாக ஓடிவிடும். கதை முழுவதையும் போனில் பதிவு செய்து, பின்னால் வரும் சொல் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் நீங்கள் பேச வேண்டியதில்லை. 'ஐ கேம் ஓவர் ஆல் டிஸ்ஸி' என்று நோயாளி சொன்னால் தலைசுற்றல் என்று புரிந்தால் போதும். 'வென் டிட் இட் கம் ஆன்?' என்ற கேள்வியை மட்டும் தேர்வின் ரோல் பிளேயில் (நர்ஸாக நோயாளியிடம் பேசிக் காட்டும் பகுதியில்) கட்டாயம் பயன்படுத்துங்கள். தேர்வில் எழுதும் கடிதத்தில் இந்தப் பேச்சுநடை வேண்டாம். அங்கே 'டெவலப்ட் எ ராஷ்', 'ரீகெய்ன்ட் கான்ஷியஸ்னஸ்' என்றே எழுதுங்கள்.

'கம்' வசமானதும் அதே டிரைவரை வைத்து 'கோ' தொடங்குங்கள்: வீக்கம் வடிந்தால் 'கான் டவுன்', கால் மரத்துப்போனால் 'கான் நம்'.