தொழில்நுட்பச் செய்திகளைக் கிண்டல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், தொழில்நுட்ப உலகின் செய்தி ஒன்று வெளியானவுடனேயே அதைப் பற்றிய மீம்களும் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் அந்தத் துறைக்குள்ளேயே இருப்பவர்கள் எழுதுவதால், வெளியாட்களுக்கு எட்டாத நுட்பம் அவற்றில் பல சமயம் இருக்கிறது. அதைக் கெடுத்துவிடும் சில தவறுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

செய்தி உண்மைதானா என்று பாராமல் அதன்மேல் நகைச்சுவை எழுதுவதுதான் மிகப் பெரிய தவறு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செயலிகளை உருவாக்கித் தருவதாகச் சொன்ன, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பில்டர் டாட் ஏஐ நிறுவனம் 2025 மே மாதம் நொடித்துப்போனபோது, அதன் செயற்கை நுண்ணறிவு என்பதே திரைமறைவில் உட்கார்ந்து நிரல் எழுதிய 700 இந்தியப் பொறியாளர்கள்தான் என்ற கதை உலகெங்கும் பரவியது. கேட்டவுடன் சிரிப்பு வரும் கதை என்பதால் நம்மவர்களும் அதை உற்சாகமாக ஃபார்வர்டு செய்தார்கள். ஆனால் அங்கே பணியாற்றியவர்களிடம் பேசிய கெர்கெலி ஓரோஸ் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர், பொறியாளர்கள் அங்கே வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் உருவாக்கினார்களே தவிர, செயற்கை நுண்ணறிவாக வேடம் போடவில்லை என்று விளக்கினார். வருவாயைப் பெருக்கிக் காட்டியதாக அந்நிறுவனத்தின்மேல் எழுந்த குற்றச்சாட்டுதான் உண்மையில் பகடிக்கு உரிய விஷயம். அதை விட்டுவிட்டு, நேர்மையாக வேலை செய்த நம்மைப் போன்ற பொறியாளர்களையே நாம் கேலிப்பொருளாக்கினோம் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அடுத்தது, யார்மேல் பழி என்று தெரியாமல் கிண்டல் செய்வது. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் முடங்கி, அவற்றின் திரைகள் நீலமாக மாறி, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தபோது, மீம்களில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டையே குறிவைத்தன. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற வேறொரு நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான அப்டேட்தான் அதற்குக் காரணம். மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது, அவற்றைக் காப்பதற்காகவே நிறுவப்பட்டிருந்த மென்பொருள். அவற்றுள் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் (அடிப்படை அம்சங்கள் மட்டும் இயங்கும் நிலையில்) திறந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. காரணத்தைச் சற்றே படித்திருந்தால் இவ்வளவு சுவையான முரண் கையில் கிடைத்திருக்கும். அதே நாளில், கிரவுட்ஸ்ட்ரைக்கில் தனக்கு முதல் நாள் வேலை என்றும் சின்ன அப்டேட் ஒன்றை அனுப்பியதாகவும் பெல்ஜியத்து நையாண்டிக்காரர் ஒருவர் விளையாட்டாக எழுதியதைப் பலர் உண்மை என்றே நம்பிப் பகிர்ந்தார்கள்.

ஆட்குறைப்புச் செய்திகளில் மிகுந்த கவனம் வேண்டும். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 நவம்பரில் 11,000க்கும் மேற்பட்டோரை நீக்கியபோது, பெருந்தொற்றுக் காலத்து வளர்ச்சி நிலைத்துவிடும் என்று தான் போட்ட கணக்கு தவறிவிட்டதாக அதன் தலைவர் மார்க் சக்கர்பெர்க் எழுதி, அதற்குப் பொறுப்பேற்பதாகவும் சொன்னார். பொறுப்பை ஏற்றவர் பதவியில் நீடிக்க, வேலையை இழந்தவர்கள் மற்றவர்கள் என்பதைக் கிண்டல் செய்யலாம், செய்யவும் வேண்டும். வேலை போனவரின் பழைய சம்பளத்தையும் அவர் வாங்கிய காரையும் கிண்டல் செய்வது வேறு. பெல்லந்தூரில் ஃபிளாட்டுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவரும், அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருந்துகொண்டு 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டியவரும் அதே குழுவில் இருந்து அதைப் படிக்கக்கூடும்.

சொந்த அலுவலகத்துச் சங்கதிகளையும் சக ஊழியர்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் எழுதவே கூடாது, வேலைக்கே ஆபத்து. அதேபோல், பெங்களூரின் நெரிசலைப் பற்றிய கிண்டல் கன்னடர்களைப் பழிப்பதாக மாறிவிட்டால், அதன் பின்விளைவை எழுதியவர் மட்டுமல்லாமல் இங்கே வாழும் மற்ற தமிழர்களும் சேர்ந்தே சுமக்கிறார்கள்.

எழுதிய பிறகு செய்தி தவறென்று தெரியவந்தால், பதிவை ஓசையில்லாமல் நீக்குவது போதாது. அதற்குள் அது ஸ்கிரீன்ஷாட்டாக வேறு குழுக்களுக்குப் போயிருக்கும். எந்த இடத்தில் எழுதினோமோ அதே இடத்தில், எது தவறு, சரியான தகவல் என்ன என்று இரண்டு வரியில் திருத்தம் போட்டு, அதையும் ஃபார்வர்டு செய்யும்படி நண்பர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.