யாத்விகா வில்லியமை மணந்திருந்தால்? போலந்து வாரிசுரிமையை யோசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1386 பிப்ரவரியில் போலந்தை ஆண்ட யாத்விகா லித்துவேனியாவின் ஆட்சியாளர் யாகைலாவை மணக்காமல், சின்ன வயதில் நிச்சயம் செய்யப்பட்ட ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் இளவரசர் வில்லியமையே மணந்திருந்தால் போலந்து அரியணை யாருக்குப் போயிருக்கும்? அருமையான கேள்வி. ஆனால் பலரும் தொடங்குகிற இடமே தப்பு.

அரசியைக் கட்டியவனுக்கு நாடு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. போலந்தில் பிரபுக்கள் சம்மதிக்காமல் எதுவும் நடக்கவில்லை. 1370இல் போலந்து மன்னர் கசிமீர் முறையான ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, அவருடைய அக்கா மகன், ஹங்கேரி மன்னர் லூயி அரசரானார். அவருக்கும் மகன் இல்லை, மகள்கள்தான். அதனால் 1374இல் கோஷித்சேயில் பிரபுக்களின் நிலவரியை வெகுவாகக் குறைத்து, தன் மகள் ஒருத்தியை ஏற்றுக்கொள்வதாக அவர்களிடம் வாக்கு வாங்கினார். வாரிசுரிமையையே விலை கொடுத்து வாங்கினார் என்று சொல்லலாம். அப்படியும் 1382இல் அவர் இறந்த பிறகு அவருடைய மகள் மரியாவையும் அவளுக்கு நிச்சயித்த சிகிஸ்முண்டையும் பிரபுக்கள் ஏற்கவில்லை, தலைநகர் கிராகோவில் வந்து தங்கி ஆள்கிறவர்தான் வேண்டும் என்று நின்றார்கள். மரியாவின் தங்கை யாத்விகா வந்தது அப்படித்தான். 1384 அக்டோபரில் அவளுக்கு முடிசூட்டியபோது பட்டம் அரசி அல்ல, அரசர். பத்து வயதுப் பிள்ளை! அவளை யாகைலாவின் மனைவி என்று மட்டும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே மாப்பிள்ளையை மட்டும் மாற்றினால் போதாது, வில்லியமை ஒதுக்கிய அதே பிரபுக்கள் ஏன் மனம் மாறினார்கள் என்றும் சொல்லியாக வேண்டும். 1378இல் ஹைன்பர்கில் யாத்விகாவுக்கும் வில்லியமுக்கும் நடந்த சடங்கை முழுத் திருமணமாக எண்ணிக் கதையை வளர்க்கவும் வேண்டாம், இருவருமே அப்போது குழந்தைகள். அந்த ஏற்பாடு முறிந்தால் தர வேண்டிய 2,00,000 ஃபுளோரினைத் தானே கட்டுவதாக 1385இல் யாத்விகாவை மணக்க கிரேவோவில் செய்த ஒப்பந்தத்தில் யாகைலா ஒப்புக்கொண்டார்.

அடுத்தது பிள்ளைகள். யாகைலா வம்சத்து அரசர்கள் யாத்விகாவின் வாரிசுகள் என்றே பலர் நம்புகிறார்கள். இல்லை. அவளுடைய ஒரே மகள் 1399 ஜூனில் பிறந்து சில வாரங்களில் இறந்தாள், சில நாட்களில் யாத்விகாவும் போய்விட்டாள். தன் உரிமை ஆட்டம் காணாமல் இருக்க யாகைலா 1402இல் கசிமீரின் பேத்தி அன்னாவை மணந்தார். பின்னாளில் அரசர்களான மகன்கள் நான்காவது மனைவி சோஃபியாவுக்கு 1424இலும் 1427இலும் பிறந்தவர்கள், அவர்களில் ஒருவரை ஏற்கச் செய்யவும் பிரபுக்களுக்கு மறுபடி சலுகைகள் தர வேண்டியிருந்தது. வில்லியமோ பிறகு நேபிள்ஸ் இளவரசி ஜோவன்னாவை மணந்து 1406இல் பிள்ளை இல்லாமலே இறந்தார். இதை வைத்து, போலந்து நூற்றாண்டுக் கணக்கில் ஹாப்ஸ்பர்க் கையில் இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்வது அவசரம். பிள்ளை இல்லாமல் அந்த ஆட்சி முடிந்திருந்தால் மசோவியாவின் கோமகன் ஷெமோவித் எழுந்திருப்பார். அவர் போலந்தின் பழைய பியாஸ்ட் அரச குலம், 1383இல் அவரை அரசராக்க ஒரு தரப்பு முயன்றும் பார்த்தது. அவரை விட்டுவிட்டு எழுதும் கற்பனை எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம், லித்துவேனியா சும்மா இருந்திருக்கும் என்றும் எண்ணாதீர்கள். மாஸ்கோவின் திமித்ரி தோன்ஸ்காயின் மகளை யாகைலா மணந்து ஆர்த்தடாக்ஸ் சபையில் சேரும் பேச்சும் அப்போது இருந்தது. அது நடந்திருந்தால் 1410 குருன்வால்ட் போரில் டியூட்டானிக் வீரர்களை, அதாவது ஜெர்மன் சிலுவைப்போர் அமைப்பினரை, சேர்ந்து தோற்கடித்த போலந்து-லித்துவேனியக் கூட்டணியே இருந்திருக்காது, ஆகவே அந்த வெற்றியை அப்படியே வைத்துக்கொண்டு கல்யாணத்தை மட்டும் மாற்ற முடியாது.