பள்ளிக்கு நாலு வழியில் வரும் பணம்: எங்கே சறுக்குகிறது?

நெல்லை மாவட்டம் மானூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருகிறது. கட்டட வேலைக்கு ஊரக வளர்ச்சித் துறை. நன்கொடை, தமிழக அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாக. சுற்றுச்சுவருக்கு எம்.எல்.ஏ. தொகுதி நிதியைக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஆபீஸ், தனி விதி, தனிக் கெடு. பணம் பற்றாது என்பது உண்மைதான். ஆனால் வருகிற பணத்தை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க ஆளில்லை என்பது அதைவிடப் பெரிய கோளாறு.

முதல் சறுக்கல் தலைக்கணக்கில். பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000; 101 முதல் 250 வரை ரூ.50,000. பள்ளியில் 31 பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் வேறு பள்ளியிலிருந்து டி.சி. வாங்கி வந்தவர்கள், எமிஸில் (கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) இன்னும் எந்தப் பள்ளியிலும் சேராதவர்களுக்கான பொதுத் தொகுப்பிலேயே கிடப்பார்கள், யாரும் இழுத்துச் சேர்த்திருக்க மாட்டார்கள். கணக்கில் 29. அந்த அலட்சியத்தின் விலை ரூ.15,000. யுடைஸ் (மத்திய அரசின் ஆண்டுப் பள்ளிக் கணக்கெடுப்பு) விவரத்தை முடிப்பதற்குள் வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் பெயராக டிக் அடித்துப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை.

அடுத்தது, தப்பான கதவைத் தட்டுவது. ஒன்றியப் பள்ளியின் கட்டடம் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் பொறுப்பு, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. மனுவைக் கல்வி அலுவலகத்தில் மட்டும் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், போட்டோ, பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து பி.டி.ஓ.விடம் கொடுங்கள், நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் பதிய வையுங்கள்.

விரிசல் விட்ட சுவருக்கு மானியத்தில் வெள்ளையடிப்பதைத் தவறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பெயின்ட் விரிசலை மறைக்கும், தாங்காது. பொறியாளர் பார்த்து எழுத்தில் கொடுக்கும்வரை அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் அடைத்து வைப்பதே சரி. ஒழுகும் கூரையை ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மார்ச் மாத அவசரம் எல்லாருக்கும் தெரிந்த கதை. இப்போது பள்ளிக் கணக்கில் பணம் தங்குவதில்லை. இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்புதான் வரும். மார்ச் 31க்குள் பில் ஏறாவிட்டால் அதுவும் போய்விடும். விலைப்புள்ளியை டிசம்பரிலேயே வாங்கி வையுங்கள். மானியத்தில் பத்து சதவீதமாவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும், ரூ.25,000இல் அது ரூ.2,500, பினாயிலுக்கும் விளக்குமாறுக்கும் குழாய் ரிப்பேருக்கும் சரியாக இருக்கும். மாதாமாதம் வரும் செலவை மட்டும் இந்த மானியத்தின் தலையில் கட்டாதீர்கள், அது வராமலும் போகலாம். மானியம் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், 2024-25இல் ரூ.2,152 கோடி வராமல் நின்றது.

படிப்போடு ஒட்டாத செலவுதான் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். தொடக்கப்பள்ளி நூலகத்துக்கு ரூ.5,000 வரை உண்டு. சிறு வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டக் கணக்கில் மூன்றாம் வகுப்பின் ஒன்பது பேரில் ஐந்து பேர் 'அரும்பு' என்ற தொடக்க நிலையில் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, படம் உள்ள புத்தகம். கெட்டி அட்டைப் பொது அறிவுத் தொகுப்பை வாங்கினால் அது பீரோவுக்குத்தான் அழகு. நிலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகப் பட்டியலை எழுதுங்கள். நன்கொடையாளர் ஸ்மார்ட் டிவி தருகிறேன் என்றால், பிளக் பாயின்ட் இருக்கிறதா, மின்கட்டணம் யார் கட்டுவார் என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட நேரத்தையும் கவனியுங்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் உறுப்பினர்களில் பல தாய்மார்கள் பீடி சுற்றுகிறவர்கள். கடையில் பீடி கொடுக்கப் போகிற நேரத்தில் கூட்டம் வைத்தால் வர மாட்டார்கள். பிறகு கையெழுத்து மட்டும் வீடு வீடாகப் போய் வாங்கப்படும். கழிப்பறையில் தண்ணீர் வராததால் மகள் மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறாள் என்று சொல்லக்கூடியவர் அந்தத் தாய்தான்.