விக்ஸ்பர்க் படைநகர்வை வரைபடத்தில் பின்தொடர்வது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்பின் வசமிருந்த ஆற்றங்கரைக் கோட்டை நகரான விக்ஸ்பர்க் மீதான படையெடுப்பில் (1863) வடதரப்பு ஜெனரல் கிராண்ட் தம் படைகளை ஒருங்கிணைத்த விதத்தை அறிய விரும்புவோர், முதலில் மிசிசிப்பி ஆற்றையும் அதன் இரு கரைகளையும் தாளில் வரைந்துகொண்டு, ஒவ்வொரு பிரிவையும் தேதியுடன் தனி வண்ணத்தில் குறிக்க வேண்டும். ஏப்ரல் 16 இரவு வடதரப்புக் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள் விக்ஸ்பர்க்கின் கரைப் பீரங்கிகளைக் கடந்து தெற்கே சென்றன. மறுநாள் டென்னசி மாநிலத்தின் லா கிரேஞ்சிலிருந்து புறப்பட்ட வடதரப்புத் தளபதி கிரியர்சனின் குதிரைப்படை, வழியெங்கும் தண்டவாளங்களைப் பெயர்த்து எதிரியைத் திசைதிருப்பியது. மாத இறுதியில் கிராண்டின் கீழிருந்த தளபதி ஷெர்மன் விக்ஸ்பர்க்கிற்கு வடக்கே தாக்குவதுபோல் போக்குக் காட்ட, ஏப்ரல் 30 அன்று முதன்மைப் படை விக்ஸ்பர்க்கிற்குத் தெற்கே, ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள புரூயின்ஸ்பர்க்கில் எதிர்ப்பின்றிக் கரையேறியது. இந்நான்கு கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான், எதிர்த்தரப்புத் தளபதி பெம்பர்டன் எங்கே படை அனுப்புவதென்று தடுமாறியது விளங்கும். படையெடுப்பின் உயிர்நாடியே இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதன்பின் சண்டைகள் நடந்த ஜாக்சன் (மே 14), சாம்பியன் ஹில் (மே 16) ஆகிய இடங்களைக் குறித்து, விக்ஸ்பர்க்கிற்குச் செல்லும் இருப்புப்பாதையையும் வரைந்துகொள்ள வேண்டும்.